ராத்தாவின் லிஸ்ட்

நம் வகுப்பில் படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நம்மில் பலர் பிள்ளைகளுக்குத் தாய்மார். போன கிழமை நம்மில் ஒருத்தி போன் எடுத்து, மகள் விளையாடுவதற்கென்று ஒரு கொம்பியூட்டர் கேட்டு மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று புலம்பினாள். "நம்மட காலத்துல இப்பிடியா இருந்தம்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

நம் காலத்திலும் ஒருத்தி இருந்தாள். என் ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி. நீங்கள் எல்லோரும் அவளுடைய கலியாணத்தில் புரியாணி சாப்பிட்டவர்கள்தான். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார் யார் என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கலியாணத்துக்குப் பின்னால் ஒரு லிஸ்ட் இருந்தது. அதைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சுனாமி வந்தபோது எனக்கு எட்டு வயது, ராத்தாவுக்குப் பதினாலு. கல்முனையில் கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தோம். நம் பகுதியில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் வீட்டுக்குக் காணி பார்க்கத் தொடங்கிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே மாப்பிள்ளை வீடு கட்டுவதில்லை. பெண்ணுக்குக் கட்டிய வீட்டில் வந்து குடியேறுவார். வாப்பா ராத்தாவுக்குக் கட்டிய வீடு கடற்கரைப் பக்கம் யன்னல் மட்டம் வரை எழும்பியிருந்தது. கடல் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. உம்மாவின் தங்கையான எங்கள் சாச்சியையும் எடுத்துக்கொண்டு போனது. சாச்சியைப் பற்றி உம்மா ஒருநாளும் கதைத்ததில்லை. வீட்டைப் பற்றி வாப்பா கதைக்காத நாள் இல்லை.

வாப்பாவுக்கு பஸாரில் சீமெந்து, கம்பி விற்கிற கடை. காதில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில் செருகியிருக்கும். எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் அதன் தரத்தைச் சொல்வார். பாரமாக இருந்தால் நல்லது, பாரமில்லாவிட்டால் ஏமாற்று. உம்மா ஒரு தடவை வாங்கிய பிளாஸ்டிக் பூச்சாடியை அவர் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். உம்மா அடுத்த நாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடலுக்குப் பிறகு நாங்கள் தகரக் கொட்டில்களில் இருந்த காலத்தில், பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் வெளிநாட்டுக்காரர் சிலர் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் கடல் தண்ணீர் குடித்த பழைய கொம்பியூட்டர்கள் குவியலாகக் கிடந்தன. எறிவதற்கென்று வைத்திருந்தார்கள். ராத்தா வகுப்பில் இருந்ததைவிட அந்தக் குவியலில்தான் அதிகம் இருந்தாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளேயிருந்த மணலைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி, மழைத் தண்ணீரில் அலசி, கொட்டில் தகரத்தின் மேல் வெயிலில் காய வைத்தாள். ஒன்றுக்குள் சின்னச் சிப்பி ஒன்று இருந்தது. உம்மா பார்த்துவிட்டு, "கருவாடு காயுற இடத்துல என்னத்தடி காய வைக்கிறாய்?" என்று கேட்டார். ஆறு பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ராத்தா ஒன்றை எழுப்பினாள். விசிறி சுழன்றபோது அவள் கத்திய கத்தலில், மறுபடியும் கடல் வருகிறது என்று பக்கத்துக் கொட்டில்காரர் வெளியே ஓடி வந்தார்.

அந்த வகுப்பில் அட்டாளைச்சேனைப் பொடியன் ஒருவர் இருந்தார். அவர்தான் பின்னால் என் மச்சானாக வந்தவர். அதனால் இப்போதிருந்தே மச்சான் என்றே சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் சாக்குத் தடுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் தடுப்புக்குக் கீழால் இந்தப் பக்கம் வரும், வேலை முடிந்ததும் திரும்பிப் போகும். எனக்குத் தெரிந்து இரண்டு வருடமாக அவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

ராத்தா எழுப்பிய கொம்பியூட்டரில் யாரோ ஒரு கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் பெரிய பிள்ளையானதும் வீட்டில் அவளுடைய சைக்கிளைப் பறித்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு அந்தக் கார்தான் எல்லாம். ஆனால் அது நின்று நின்றுதான் ஓடியது. ஒரு படத்தில் கார் வளைவில் இருக்கும், அடுத்த படத்தில் மதிலுக்குள் புதைந்திருக்கும்.

"இது பாயுறதுக்கெண்டு செஞ்சது, புள்ள," என்றாள் ராத்தா. "நாம இத நொண்டியாக்கி வச்சிரிக்கம். நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு இருந்தா படம் தண்ணியாட்டம் ஓடும். நான் ஒருநாளைக்கு எல்லாத்தையும் புதுசா வாங்கி, நானே பூட்டுவன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வாப்பாவிடம் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்க முடியாது. நம் வாப்பாமார் மகளுக்கு வீடு கொடுப்பார்கள், கிணறு கொடுப்பார்கள், கட்டில், அலுமாரி, குசினிச் சாமான் எல்லாம் கொடுப்பார்கள். மகள் கேட்காமலே கொடுப்பதுதான் அவர்களுடைய பெருமை. மகள் வாய் திறந்து இன்னது வேண்டும் என்று சொன்னால், தான் எதிலோ குறை வைத்துவிட்டதாக அவர்களுக்குப் படும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அது வேறு. அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், திட்டிக்கொண்டாவது கொடுப்பார்கள்.

ராத்தாவுக்குப் பதினெட்டு முடிந்தபோது மச்சானின் உம்மா பெண் கேட்டு வந்தார். யார் அனுப்பி வந்தார் என்று நான் கேட்கவில்லை. மச்சான் அப்போது கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். வாப்பா வயலை மண் போட்டு மூடிய காணியில், கடலுக்கு முதுகைக் காட்டி, ராத்தாவுக்கு இரண்டாவது வீட்டைக் கட்டி முடிக்கிற தறுவாய். மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கைக்கூலிக் காசு வேண்டாம், மோட்டார் சைக்கிள் தன்னிடம் இருக்கிறது, வீட்டில் ஒரு கொம்பியூட்டர் மட்டும் வேண்டும், என்னென்ன சாமான் என்று தானே எழுதித் தருவதாக அவர் சொல்லி அனுப்பினார். வாப்பாவுக்குச் சந்தோஷம். "பெட்டி ஒண்டுதானே," என்று உம்மாவிடம் சொன்னார். "படிச்ச புள்ள. பேராசை இல்ல."

அந்த லிஸ்ட் மச்சானுடையது அல்ல. ராத்தாவுடையது. அவளால் கேட்க முடியாததைக் கேட்க அவர் தன் வாயைக் கொடுத்தார், அவ்வளவுதான். இது தெரிந்த மூன்றாவது ஆள் நான். நிச்சயம் செய்த பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணம் வரை கதைக்கக் கூடாது. ஆனால் ரியூசன் விட்டு வருகிற வழியில்தான் மச்சானின் கடை இருந்தது. பள்ளிவாசல் கலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ராத்தா எழுதுவாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுத்த நாள் பதில் வரும். எனக்குச் சம்பளம் ஒரு ஐஸ் பழம்.

நான் எல்லாத் துண்டையும் வாசித்தேன். ஒரு அன்பான சொல்லாவது இருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் இப்படித்தான்.

ராத்தா எழுதினாள்: "கேசிங் அலுமினியத்துல எடுங்க. இரும்பெண்டா இந்தக் காத்துக்கு ரெண்டு வருசத்துல கறள் பிடிக்கும்."

மச்சான் எழுதினார்: "அலுமினியம் விலை. அந்தக் காசுக்கு ரேம் கூட்டலாம்."

"ரேம் பிறகும் போடலாம். கறள் பிடிச்சா பிறகு கழுவ ஏலாது."

"சரி. அலுமினியம்."

அடுத்த கிழமை புரொசசர். நாலு மூளை உள்ளது புதிதாக வந்திருந்தது. அதற்கேற்ற மதர்போர்ட் வேண்டும், பழையதில் உட்காராது. மச்சான் மலிவான பழையது போதும் என்றார். ராத்தா, பழையதை எடுத்தால் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும், இப்போதே சரியாக எடுத்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு முழுத் தாள் எழுதினாள். பவர் சப்ளையில் மட்டும் மச்சான் பிடிவாதமாக நின்றார். "சின்னனா எடுத்தா கார்ட் கேக்குற நேரம் அதால குடுக்க ஏலாது. ஓடிக்கொண்டிருக்கைக்க எல்லாம் அணைஞ்சிரும். இதுல நான் சொல்லுறதக் கேளுங்க." ராத்தா அந்தத் துண்டை இரண்டு நாள் தலையணைக்குள் வைத்திருந்தாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எனக்குக் கலியாணமான பிறகுதான் விளங்கியது.

லிஸ்ட்டின் கடைசி வரி கிராபிக்ஸ் கார்ட். எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான பெயர். மற்றச் சாமான்களெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான் வரிசையில் நின்றன. அதன் விலையைப் பார்த்து ராத்தாவுக்கே பயம் வந்து, விட்டுவிடுவோமா என்று எழுதினாள். மச்சான் முழு லிஸ்ட்டையும் தன் கையால் அழகாக எழுதி, அடியில் கோடு போட்டு, "கார்ட்ட விட்டுக்குடுக்க வேணாம். மத்ததெல்லாத்தையும் குறைச்சாலும் இது கட்டாயம் வேணும்" என்று எழுதி அனுப்பினார்.

உம்மாவின் கையில் அகப்பட்டது அந்தத் துண்டுதான். என் புத்தகப் பையில் எண்ணெய் போத்தல் ஊற்றுப்பட்டு, உம்மா எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்தார். மாப்பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்ததும் காதல் கடிதம் என்று நினைத்திருக்கிறார். முழுக்க இலக்கமாக இருந்ததைப் பார்த்ததும் பயந்துபோனார். காதல் கடிதமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உம்மாவுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் மாமா ஆங்கிலம் தெரிந்தவர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். அவர் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சின்னப் புள்ளையப் புடிச்சி, ஒவ்வொண்டா கூட்டிக் கேக்குறான். 'கட்டாயம் வேணும்' எண்டு எழுதியிருக்கான் பாருங்க. பேராசை இல்லாத மாப்பிள்ளையாம்!"

வாப்பா ஆளனுப்பி மச்சானைக் கூப்பிட்டார். அசர் தொழுகை முடிந்து அவர் வந்தார். முன் மண்டபத்தில் வாப்பாவும் மாமாவும் கதிரையில். நானும் ராத்தாவும் திரைச்சீலைக்குப் பின்னால். மச்சான் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை.

வாப்பா துண்டை நீட்டினார். "இந்தக் கடைசிச் சாமான் என்னத்துக்கு மருமகன்?"

"விளையாடுறதுக்கு மாமா." நம் வழக்கப்படி அவர் என் வாப்பாவை மாமா என்பார்.

"குமர்ப்புள்ளைக்குக் குடுக்குற வீட்டுல விளையாட்டுச் சாமானா? குடும்பம் நடத்தப் போற ஆள் நீங்க. இத நீங்கதான் கேட்டதா?"

என் தோளில் ராத்தாவின் நகம் இறங்கியது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு சொல் போதும், எல்லாம் விளங்கிவிடும். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"ஓம் மாமா," என்றார் மச்சான். "நான்தான் கேட்டன்."

மாமா எழும்பிவிட்டார். "இவனுக்கு நம்மட புள்ளையக் குடுக்கத்தான் வேணுமா?" என்று மச்சானின் முகத்துக்கு முன்னாலேயே கேட்டார். மச்சானின் காது சிவந்துபோனது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வாப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்து, கடைசி வரியை இரண்டு தரம் வெட்டினார்.

"மத்ததெல்லாம் தாறன்," என்றார். "வாக்குக் குடுத்திட்டன். இது இல்ல. இனி இன்னொரு துண்டு இந்த வீட்டுக்கு வந்திச்சிதெண்டா, இந்தக் கலியாணம் அதோட முடிஞ்சிது. விளங்கிச்சா?"

அன்று மஃரிப் தொழுத பிறகு ராத்தா பாயை விட்டு எழும்பவேயில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் வாய் திறந்தா வாப்பாட முகத்துல மண்," என்றாள். "திறக்காட்டி அவருட முகத்துல மண். அவர் நிண்ட நிலையப் பாத்தியா?" எனக்கு அவள் மேல் கோபமாக இருந்தது. வாய் திறந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது.

சாமான் வாங்க மாமாதான் கொழும்புக்குப் போனார். அப்போது யுத்தம் வன்னியில் உச்சத்தில் இருந்த நேரம். கொழும்பிலிருந்து ஒரு பொதி கொண்டு வருவதென்றால் எத்தனை இடத்தில் இறங்கி, எத்தனை தரம் அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசிச் சோதனைச் சாவடியில் பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரும்புக் கட்டி, அதிலிருந்து கற்றை கற்றையாக வயர். பஸ் போய்விட்டது. மாமாவை ஒரு மரத்துக்குக் கீழ் உட்கார வைத்துவிட்டார்கள். கச்சேரி அடையாள அட்டையைக் காட்டியும் பலிக்கவில்லை. பகல் திரும்பிய பிறகு ஓர் இளம் அதிகாரி வந்து, மாமாவின் சட்டைப் பையிலிருந்த லிஸ்ட்டை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தாராம். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்ததாம். கடைசி வரிக்கு வந்ததும், இதை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டாராம். இது இல்லாமல் மற்றதெல்லாம் எதற்கு என்றும் கேட்டாராம். பிறகு தானே பொதியைக் கட்டி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம்.

மாமா வீட்டுக்கு வந்து பொதியைத் தொப்பென்று வைத்தார். "ஆமிக்காரனும் அதத்தான் கேக்குறான்! இந்தப் பொடியனால நான் சாகப் பாத்தன்!" எல்லோரும் மச்சானைத் திட்டினார்கள். வாப்பா மட்டும் திட்டவில்லை. லிஸ்ட்டை வாங்கி, தான் வெட்டிய வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பவர் சப்ளை அவருக்குப் பிடித்தது. "இதுதான் சாமான்," என்றார். புரொசசரை உள்ளங்கையில் வைத்துவிட்டு, "மலிபன் பிஸ்கட்ட விடச் சின்னன். இதுக்கா இவ்வளவு?" என்று உம்மாவிடம் காட்டினார். உம்மா அதைத் தொடவில்லை.

நிக்காஹ் முடியும் வரை மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் வர முடியாது. அதனால் கடைக்காரன் யாராவது வந்து பூட்டித் தருவான் என்று எல்லோரும் இருந்தார்கள். ராத்தா, புது வீட்டைக் கூட்டித் துடைக்கப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். புதுச் சுண்ணாம்பு மணமும் அட்டைப் பெட்டி மணமும் சேர்ந்து கிடந்த அந்த அறை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. ஸ்குரூக்களைத் தேத்தண்ணீர்க் கோப்பைப் பீரிசில் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். புரொசசரை வைக்கும்போது பிஸ்மி சொன்னாள். "அமத்தப்படாது," என்றாள். "சரியான இடமெண்டா அது தானா இருக்கும்." அதன் முதுகில் பசையை ஓர் அரிசியளவு வைத்தாள். ரேம் துண்டுகள் டக் டக்கென்று உட்கார்ந்தன. இரண்டு பின்னேரத்தில் எல்லாம் முடிந்தது. சுவிட்சைத் தட்டியதும் நீல விளக்கோடு விசிறிகள் சுழன்றன. இந்தத் தடவை அவள் கத்தவில்லை, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

படம் தெரிவதற்கு மட்டும் கடைக்காரன் ஒரு சின்னக் கார்ட் போட்டு அனுப்பியிருந்தான். ராத்தா பழைய கார் விளையாட்டின் புதுப் பதிப்பைப் போட்டாள். கார் வளைவில் நின்றது, அடுத்த படத்தில் மதிலுக்குள் இருந்தது. இவ்வளவு சாமானும் சேர்ந்து அதே நொண்டிதான். அவள் சுவிட்சை அணைத்தாள். எனக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தபோது கொம்பியூட்டர் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள் இருந்தது. வாப்பா சொல்லிச் செய்வித்த அலுமாரி. மேலே உம்மாவின் சரிகைத் துணி. காற்றுப் போக வழியே இல்லை. ராத்தா இரவல் வாங்கிய மரம் அறுக்கிற வாளால் அலுமாரியின் முதுகுப் பலகையை அறுத்து எடுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், எங்கள் தெருப் பொடியன்மார் கொடியோடு ஓடினார்கள். தமிழ்ச் சனம் இருக்கிற பெரியநீலாவணைப் பக்கம் அன்று ஒரு சத்தமும் இல்லை. அங்கிருந்து எங்களுக்கு மீன் கொண்டு வருகிற மனிசி நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது உம்மா விலை பேசாமல் வாங்கினார். பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

நாள் வைத்த கிழமை ராத்தா என்னிடம் இன்னொரு துண்டைத் தந்தாள். வாப்பா சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. "இதோட சரி," என்றாள். "புடிபட்டா நான் எழுதினதெண்டு சொல்லு. அவரச் சொல்லாத." சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுபோனேன். வழியில் திறந்து பார்த்தேன். ஒரே வரி. "மஹர் என்னட்டக் கேப்பாங்கதானே?"

மச்சான் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடியில் எழுதித் தந்தார்: "கேப்பாங்க. கேக்கத்தான் வேணும். மார்க்கம் அப்பிடி." அடுத்த கிழமையிலிருந்து அவர் அட்டாளைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம். "ஒரு பைக்க வச்சிக்கொள்ளவும் தெரியல்ல," என்று வாப்பா கடையில் நின்றவர்களிடம் சொன்னார்.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. என்ன வேண்டும் என்று சொல்வது பெண்ணின் உரிமை. ஊரில் நடப்பது வேறு. ஆண்கள் முன்னுக்கே பேசி முடித்துவிடுவார்கள். நிக்காஹ் அன்று தகப்பன் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, இன்னாருக்கு, இன்ன மஹருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். பெண் தலையை ஆட்டுவாள். நம்மில் எத்தனை பேர் தலையை ஆட்டினோம்? என்ன மஹர் என்று காதில் விழுந்ததாவது எத்தனை பேருக்கு?

ராத்தாவுக்கு இரண்டு பவுண் என்று பேசியிருந்தார்கள். நிக்காஹ் அன்று வாப்பா புதுச் சாரனும் தொப்பியுமாக அறைக்குள் வந்தார். பின்னால் சாட்சிகளாக மாமாவும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவரும். அறை முழுக்கப் பெண்கள், மல்லிகைப்பூ, வேர்வை. வாப்பா முறைப்படி கேட்டார். "...ரெண்டு பவுண் மஹருக்கு நிக்காஹ் செஞ்சி குடுக்கச் சம்மதமா மகள்?"

"கலியாணத்துக்குச் சம்மதம் வாப்பா," என்றாள் ராத்தா. "மஹருக்குப் பவுண் வேணாம்."

பெண்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு அந்தக் கார்ட் வேணும். நீங்க வெட்டினது."

மாமா, "என்ன கார்ட்?" என்றார். வாப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் துணி போட்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது மாப்பிள்ளைட ஆசைதானே?"

"இல்ல வாப்பா. அந்த லிஸ்ட் முழுக்க என்ட. அலுமாரிக்குள்ள இரிக்கிறதும் நான் பூட்டினது. அவர் எனக்காகக் கேட்டவர். அண்டைக்கு நீங்க ஏசக்குள்ளயும் எனக்காகத்தான் ஓம் எண்டவர். நான் திரைக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன்."

வாப்பாவின் முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அடி வாங்கியவர் மாதிரி நின்றார்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே புள்ள."

"கேட்டா தந்திருப்பீங்களா?"

இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்றார்கள். வெளியே பதிவுக்காரர் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். வாப்பா தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார்.

"இல்ல," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வாப்பாவை இன்றைக்கும் மதிக்கிறேன். தந்திருப்பேன் என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவர் வெளியே போனார். நான் யன்னலுக்கு ஓடினேன். மஹராகப் பவுண் அல்லாத ஒரு சாமான் கொடுக்கலாமா என்று பதிவுக்காரரிடம் கேட்டார். பெறுமதியுள்ள, ஹலாலான எதையும் கொடுக்கலாம், பெண் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்றார் அவர். மச்சான் தன் கதிரைக்குக் கீழிருந்து மினுங்கும் தாள் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். சபையில் ஒரு முணுமுணுப்பு. வாப்பா அந்தப் பெட்டியைத் தூக்கினார். வழக்கம்போல் கையில் வைத்துப் பாரம் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார்.

"பைக்க வித்தா வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"ஓம் மாமா."

"உங்கள நான் ஊர் முழுக்க விளையாட்டுப் பொடியன் எண்டு சொல்லித் திரிஞ்சன் மருமகன்," என்றார் வாப்பா, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "மன்னிச்சிக்கொள்ளுங்க." முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவும் பிறகு வந்து மச்சானின் கையைப் பிடித்தார். பதிவுக்காரர் காவின் என்கிற கலியாணப் பதிவுப் புத்தகத்தில் அந்த நீளமான பெயரை எழுதினார். வாப்பாதான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார்.

நிக்காஹ் முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பிய நேரம் வாப்பா மறுபடியும் அறைக்கு வந்தார். பெட்டியை ராத்தாவின் மடியில் வைத்தார். பிறகு என்னையும் சேர்த்து இரண்டு பேரையும் பார்த்தார்.

"இனி என்ன வேணுமெண்டாலும் உங்கட வாயாலயே என்னட்டக் கேளுங்க," என்றார். "நான் இல்லையெண்டுதான் சொல்லுவன். எனக்கு வேற சொல்லத் தெரியாது. அப்பவும் கேளுங்க."

அடுத்த நாள் காலையில், அவர் கடைக்குப் போகச் செருப்பைப் போடுகிற நேரம் பார்த்து, எனக்குக் கொழும்புக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"இல்ல," என்றார்.

மறுநாளும் போய்க் கேட்டேன்.